சம்பள நாளும் அரசியல்தான்

(எங்கள் கூட்டின் இளையோர் சந்திப்பில் நான் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். பேச்சு வழக்கைப் பெரிதாக மாற்றவில்லை.)



கலையும் எதிர்ப்பும் பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் என்னை முதலில கேட்டவை. அதைப் பற்றி என்னைவிட வடிவாக் கதைக்கக்கூடிய கனபேர் இந்த அறையில இருக்கிறீங்கள். நான் ரொறன்ரோவில ஒரு சின்னக் கலை அமைப்பில நிர்வாகப் பொறுப்பில இருக்கிறன். இலாப நோக்கமில்லாத அமைப்பு. முழுநேரம் 5 பேர், பகுதிநேரம் 4 பேர். அதைவிட வருசம் முழுக்க வந்து போற கலைஞர்கள், ஒலி ஒளி செய்யிறவை, தொண்டர்கள். மேடையில நடக்கிறது என்ர வேலை இல்லை. சம்பளம், ஒப்பந்தம், காப்புறுதி, மண்டப வாடகை, மானியக் கணக்கு, ஆருக்கு எப்ப லீவு, குளியலறையில தாள் இருக்கா இல்லையா, இதெல்லாம்தான் என்ர வேலை. அதைப் பற்றியே கதைக்கிறன் எண்டு சொன்னன். ஓம் எண்டிட்டினம்.

உங்களில பாதிப்பேர் இப்பிடியான அமைப்புகளில வேலை செய்யிறீங்கள், இல்லாட்டி நீங்களே ஒரு குழுவை நடத்துறீங்கள். அதால நேரடியாச் சொல்லுறன். ஒரு வேலைத்தலம் தன்ர ஆக்களைத் தாங்குதா இல்லையா எண்டதை அங்க இருக்கிறவையின்ர நல்ல மனம் தீர்மானிக்கிறதில்லை. காசு எந்தத் திகதியில வருது, எழுத்தில என்ன இருக்கு, ஆருக்கு "ஏலாது" எண்டு சொல்ல உரிமை இருக்கு, இந்த மூண்டும்தான் தீர்மானிக்குது. அன்பு, ஆதரவு எண்டு நாங்கள் சொல்லுறதெல்லாம் கடைசியில இந்த மூண்டுக்குள்ளதான் வந்து நிக்குது.

"நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்"

கலை அமைப்பு ஒண்டில வேலைக்குச் சேர்ந்தால் முதல் கிழமையே இந்த வசனத்தைக் கேட்பீங்கள். தமிழ் அமைப்பெண்டால் அதோட இன்னொண்டும் வரும்: "எங்கட சனத்துக்காகச் செய்யிறம்." இது பொய் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனா எந்த நேரத்தில சொல்லுகினம் எண்டு கவனியுங்கோ. சனிக்கிழமை இரவு 12 மணிக்குக் கதிரை அடுக்கேக்க சொல்லுவினம். சம்பளம் ஒரு கிழமை பிந்தேக்க சொல்லுவினம். மேலதிக நேரத்துக்குக் காசு கேட்டால் கட்டாயம் சொல்லுவினம். குடும்பத்தில ஆர் சமைக்கிறது, ஆர் கடைசியாச் சாப்பிடுறது எண்டும் எங்களுக்குத் தெரியும்தானே.

எங்கட நிகழ்ச்சியளை எடுத்துப் பாருங்கோ. மண்டபத்துக்குக் காசு குடுக்கிறம். சவுண்ட் சிஸ்டத்துக்கு, வீடியோக்காரருக்கு, கொத்துரொட்டிக்குக் காசு குடுக்கிறம். கூத்தாடினவருக்கும் பாட்டுப் படிச்ச பிள்ளைக்கும் பொன்னாடை. பொன்னாடையைக் காட்டி ரிரிசி பஸ்ஸில ஏறேலாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, வர்க்கப் பிரச்சினை. குறைஞ்ச சம்பளத்தில, சம்பளமே இல்லாமல், ஆர் ஒரு கலை அமைப்பில 5 வருசம் நிண்டுபிடிப்பினம்? வாடகை கட்ட வேற ஆள் இருக்கிறவை. தாய் இரவு வேலை செய்து வளர்த்த பிள்ளை இரண்டு வருசத்தில களைச்சுப்போய் வங்கியிலயோ காப்புறுதிக் கொம்பனியிலயோ வேலை எடுத்துக்கொண்டு போயிடும். அதைப் பிழை சொல்லேலாது. ஆனா பிறகு நாங்கள் மேடையில ஏறி "உழைக்கும் மக்களின் குரல்" எண்டு முழங்கேக்க, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எங்கட அலுவலகத்தில இருக்கமாட்டினம்.

இந்தச் சண்டை பழசு

கலைஞருக்குக் காசு குடுக்க வேணும் எண்டது இண்டைக்கு நாங்கள் கண்டுபிடிச்ச கோரிக்கை இல்லை. கனடாவின் தேசியக் கலைக்கூடம் ஒருமுறை ஓவியர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அவர்களுடைய ஓவியங்களைப் படப்பிரதி எடுக்க அனுமதி வேண்டும், அதற்குப் பணம் கிடையாது என்பது சாராம்சம். ஒன்ராறியோவில் உள்ள லண்டன் நகரத்து ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் அதை ஏற்கவில்லை. சக ஓவியர்களோடு சேர்ந்து 1968இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று கார்ஃபாக் என்று அறியப்படுகிற அமைப்பு அதுதான். 1975இல் கனடா கலை மன்றம், தன்னிடம் மானியம் பெறுகிற கலைக்கூடங்கள் கண்காட்சிக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 1988இல் கண்காட்சி உரிமை பதிப்புரிமைச் சட்டத்திலேயே சேர்ந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம்வரை போய், தேசியக் கலைக்கூடம் இந்தக் கட்டணங்கள் பற்றிக் கலைஞர் அமைப்புகளோடு நேர்மையாகப் பேரம் பேச வேண்டும் என்ற தீர்ப்பை வாங்கினார்கள். தொடங்கியதிலிருந்து 46 வருசம்.

இதில எனக்குப் பிடிச்ச விசயம், அவை பாராட்டுக் கேட்கேல்லை, கட்டண அட்டவணை கேட்டவை. ஓவியர்களுக்கு எவ்வளவு குடுக்கிறதெண்டு நான் இண்டைக்கு என்ர அலுவலகத்தில யோசிக்கிறதில்லை. அட்டவணையைப் பார்த்துக் குடுக்கிறன். இசை, எழுத்து போன்ற துறைகளுக்கும் அந்தந்தச் சங்கங்களின்ர கட்டண அளவுகள் இருக்கு. ஆள் எனக்குச் சிநேகிதமா, கேட்க வெட்கப்படுற ஆளா எண்டதெல்லாம் கணக்கில வராது.

மற்றது, 2024இல் எங்கட நகரத்திலேயே நடந்தது. ஒன்ராறியோ கலைக்கூடத்தில் வேலை செய்கிற 400க்கும் மேற்பட்டோர் மார்ச் 26ஆம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது, கலைக்கூடம் மூடிக் கிடந்தது. உதவிக் காப்பாட்சியர், தொழில்நுட்பவியலாளர், கலை கற்பிப்பவர், உணவகத்தில் வேலை செய்பவர் எல்லோரும் ஒரே சங்கத்தில். சம்பளம், வேலைகளை வெளியாருக்குக் கொடுப்பது, நிரந்தரமில்லாத பகுதிநேர வேலை ஆகியவைதான் சண்டையின் மையம். அதற்கு முன்பு 2019இல் மாகாண அரசு கொண்டுவந்த பில் 124, பொதுத்துறைச் சம்பள உயர்வை மூன்று வருசத்துக்கு ஆண்டுக்கு 1 சதவீதத்தில் கட்டிப் போட்டிருந்தது. அதுவும் அவர்களைப் பாதித்தது.

நாட்டிலேயே பெரிய கலைக்கூடங்களில ஒண்டில இதுதான் நிலைமை. 9 பேர் வேலை செய்யிற இடத்தில சங்கமும் இல்லை, மறியலும் இல்லை. அங்க ஆக்கள் சத்தமில்லாமல் விலகிப் போவினம். நாங்கள் ஒரு கேக் வெட்டி அனுப்பி வைப்பம்.

ஆதரவை எங்க எழுதுறது?

சரி, நடைமுறைக்கு வருவம்.

முதலாவது, சம்பள நாள். எங்களுக்கு 15ஆம் திகதியும் மாதக் கடைசி நாளும். மானியம் வந்தாலும் வராட்டியும் அந்தத் திகதி மாறாது. மானியத்துக்கு விண்ணப்பிச்சு முடிவு வர மாதக்கணக்காகும். சிலதில கடைசிப் பங்கு, அறிக்கை குடுத்த பிறகுதான் வரும். அந்த இடைவெளியை ஆர் தாங்குறது? திட்டமிடாட்டி வேலை செய்யிறவைதான் தாங்குவினம். அதால மூண்டு மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைக்கிறது எங்கட இயக்குநர் சபையின்ர எழுத்துமூல விதி. அந்த ஒதுக்கைச் சேர்க்க எங்களுக்கு நாலு வருசம் பிடிச்சுது. இன்னொண்டும் சொல்லவேணும். சம்பளத்தில கழிக்கிற வருமானவரி, சிபிபி, ஈஐ காசு அமைப்பின்ர காசு இல்லை. சிஆர்ஏக்குப் போகவேண்டிய காசு. கையில தட்டுப்பாடு எண்டு அதில கை வைச்சால், இயக்குநர் சபையில இருக்கிறவை தனிப்பட்ட முறையிலயும் பொறுப்புச் சொல்லவேண்டி வரலாம். "போர்டில பேர் போடுறம் அக்கா, ஒரு வேலையும் இல்லை" எண்டு ஆரும் கேட்டால் இதை நினைவில வைச்சிருங்கோ.

இரண்டாவது, பாதீடு. நீங்கள் 40,000 டொலருக்கு ஒரு திட்டம் எழுதுறீங்கள் எண்டு வையுங்கோ. கலைஞர் கட்டணம், மண்டபம், விளம்பரம் எண்டு 40,000ஐயும் நிரப்பியாச்சு. அதை ஒருங்கிணைக்கிற பிள்ளையின்ர 300 மணித்தியாலம் எங்க? மணித்தியாலத்துக்கு 28 டொலர்ப்படி 8,400 டொலர். அதுக்கு மேல வேலை குடுக்கிறவர் கட்டவேண்டிய சிபிபி, ஈஐ, விடுமுறைச் சம்பளம் சேர்த்தால் இன்னும் 12 சதவீதமளவு. மொத்தம் 9,400க்குக் கிட்ட. அது பாதீட்டில இல்லையெண்டால், அந்தப் பிள்ளை தன்ர சனி ஞாயிறால அதைக் கட்டுது. உங்கட அமைப்பின்ர பெரிய நன்கொடையாளரே அதுதான். கையேட்டில நன்றிப் பட்டியலில மட்டும் பேர் இருக்காது.

இப்பிடிக் கணக்குப் போட்டால் ஒரு கசப்பான விடை வரும். நாங்கள் வருசத்துக்கு 6 நிகழ்ச்சி செய்துகொண்டு இருந்தம். எல்லா மணித்தியாலத்தையும் எழுதிப் பார்த்தால் கையில இருந்த காசு 4 நிகழ்ச்சிக்குத்தான் காணும். 4 ஆக்கினம். நிண்டுபோன இரண்டில ஒண்டு முதியோருக்கான பின்னேரப் பாட்டு நிகழ்ச்சி. வருசம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற அம்மாமார் இருந்தவை. எனக்குப் போன் எடுத்து "ஏன் பிள்ளை நிப்பாட்டினீங்கள்?" எண்டு கேட்டவை. இலவச உழைப்பிலதான் அது நடந்தது எண்ட உண்மையைச் சொன்னன். அவையின்ர கவலை அதால குறையேல்லை. நியாயமான சம்பளம் எண்டதை ஒருத்தருக்கும் வலிக்காத தீர்மானமா நான் உங்களுக்கு விற்கமாட்டன். அதுக்கு ஒரு விலை இருக்கு. முன்னம் அந்த விலையைக் குடுத்தது 24 வயசுப் பிள்ளையள். அவையின்ர பக்கத்தில போன் எடுத்துக் கேட்க ஆளில்லை.

மூண்டாவது, சுகவீன விடுப்பு. ஒன்ராறியோச் சட்டப்படி வருசத்துக்கு 3 நாள். அதுவும் சம்பளம் இல்லாமல். அமைப்புகள் எல்லாம் "உங்கட மனநலத்தைப் பாருங்கோ" எண்டு ஈமெயில் அனுப்புது. காய்ச்சலோட வீட்டில நிண்டால் அண்டைய சம்பளம் இல்லை. எங்கட இடத்தில பகுதிநேர ஆக்களுக்கும் சேர்த்து சம்பளத்தோட 8 நாள். காரணம் கேட்கிறதில்லை, துண்டும் கேட்கிறதில்லை. இது பாதீட்டில தனி வரி. தனி வரியா இருக்கிறதால காசு இறுகேக்க ஆராவது அதை வெட்டப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும்.

நாலாவது, நேரம். கலை வேலையில சனி ஞாயிறும் வேலைநாள். சட்டப்படி கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால்தான் மேலதிக நேரம். எங்கட கிழமை 35 மணித்தியாலம். இடையில உள்ள 9 மணித்தியாலத்தை அமைப்புகள் இலவசமா எடுக்குது. நாங்கள் மணிக்கு மணி லீவாத் திருப்பிக் குடுக்கிறம். அதையும் 30 நாளுக்குள்ள எடுக்கவேணும். "பிறகு எடுக்கிறன் அக்கா" எண்டால் நான் விடுறதில்லை. நாள்காட்டியில நானே போட்டுவிடுவன். பெரிய நிகழ்ச்சிக்கு அடுத்த கிழமை ஒரு கூட்டமும் வைக்கிறதில்லை. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பு கொள்ளுறது பற்றி எழுத்துமூலக் கொள்கை வேணும் எண்ட சட்டம் 25 பேரும் அதுக்கு மேலயும் உள்ள இடங்களுக்குத்தான். நாங்கள் 9 பேர், ஆனாலும் எழுதி வைச்சிருக்கிறம்.

ஐந்தாவது, "இன்வொய்ஸ் அனுப்புங்கோ" எண்ட வசனம். கிழமைக்கு மூண்டு நாள், நாங்கள் சொல்லுற நேரத்துக்கு, எங்கட மேசையில, எங்கட கணினியில இருந்து வேலை செய்யிற ஆள் ஊழியர். அவருக்கு ரி4ஏ குடுத்து ஒப்பந்தக்காரர் எண்டு காட்டினால் ஈஐ இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, சிபிபியின்ர இரண்டு பங்கும் அவர் தலையில. எங்களுக்குச் சுகம், அவருக்கு நட்டம். இது ஒன்ராறியோவில சட்டப்படியும் பிழை. ஊபர் சாரதிகளுக்காக மறியலில நிக்கிற நாங்கள் எங்கட குழுவிலயும் இதைக் கேட்கவேணும்.

பெரிய ஆக்களும் எழுத்தும்

எங்கட சமூகம் சின்னது. ஒளியமைப்புச் செய்யிற பிள்ளையின்ர பெரியப்பாவும் மேடையில நிக்கிற மூத்த கலைஞரும் ஒரே ஊராயிருப்பினம். அப்பிடியொரு சம்பவத்தை, சம்பந்தப்பட்ட பிள்ளையின்ர அனுமதியோட, அடையாளங்களைத் தவிர்த்துச் சொல்லுறன்.

பேர்பெற்ற கலைஞர் ஒருவர் ஒத்திகையில அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னால கேவலமாப் பேசினார். முதல் தரமும் இல்லை. சுத்தி நிண்டவை சொன்னது எங்களுக்கெல்லாம் பழகின வசனம்: "அவர் அப்பிடித்தான், பெரிய ஆள், பொறுத்துப் போ பிள்ளை."

ஐந்து பேருக்கு மேல வேலை செய்யிற இடத்தில துன்புறுத்தல் பற்றிய கொள்கை எழுத்தில இருக்கவேணும் எண்டது ஒன்ராறியோச் சட்டம். மேலாளரே பிரச்சினை எண்டால் வேற ஆளிட்ட முறையிட வழி இருக்கவேணும் எண்டும் இருக்கு. எங்களிட்ட அந்தக் கடதாசி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டியும் இருந்தம். அவ என்னட்ட வரேல்லை. கொள்கையில பேர் போட்டிருந்த இயக்குநர் சபை உறுப்பினரிட்ட நேரா எழுதினா. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக் கேட்டு 10 நாளில முடிவு வந்தது. கலைஞரின்ர ஒப்பந்தத்திலயும் நடத்தை பற்றிய வரி இருந்தது. அதை ஏற்று, அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டுத் தொடரலாம் எண்டு சொன்னம். அவர் விலகினார். 60 ரிக்கெற்றுக்குக் காசு திருப்பிக் குடுத்தம். இரண்டு கிழமை போன் அடிச்சது: "ஒரு சின்னப் பெட்டைக்காக இவ்வளவு பெரிய மனிசனை..."

சபை அசையேல்லை. அவை எல்லாரும் வீரர்கள் எண்டு இல்லை. ஒருத்தரும் கோபமாயில்லாத ஒரு நாளில, இரண்டு வருசத்துக்கு முதல், அவையே கைதூக்கி நிறைவேற்றின கொள்கை அது. அண்டைக்கு அவரவர் துணிச்சலை மட்டும் நம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளை இண்டைக்கும் எங்களோட வேலை செய்யிறா.

"எங்களிட்ட தலைவர் இல்லை"

உங்களில சிலர் இப்ப யோசிப்பீங்கள்: நாங்கள் அமைப்பே இல்லை, கூட்டு. படிநிலை இல்லை. இந்தக் கொள்கை, ஒப்பந்தம் எல்லாம் கொம்பனிக்காரர் வேலை.

அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்துக்குள் இருந்து ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். கட்டமைப்பு இல்லாத குழு என்று ஒன்று கிடையாது, விதிகளை எழுதாவிட்டால் நட்பு வட்டமே விதியாகிவிடும், அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு எங்கே போய்க் கேட்பது என்றே தெரியாது என்பது அவர் வாதம். நீங்கள் இருக்கிற வட்சப் குழுவை நினைச்சுப் பாருங்கோ. முடிவு எங்க எடுக்கிறது? பெரிய குழுவிலயா, நாலு பேர் இருக்கிற மற்றக் குழுவிலயா? கூட்டம் முடியக் கோப்பை கழுவுறது ஆர்? குறிப்பெடுக்கிறது ஆர்? பெரும்பாலும் பெண்பிள்ளையள். எங்கட இடத்தில இந்த வேலையளுக்குச் சுழற்சிப் பட்டியல் இருக்கு. என்ர பேரும் பணிப்பாளரின்ர பேரும் அதில இருக்கு.

நான் எந்தப் பக்கம்?

கடைசியா ஒண்டு. நான் எவ்வளவு மார்க்ஸ் வாசிச்சாலும், சம்பளப் பட்டியலில கையெழுத்து வைக்கிறது நான். ஆளை வேலைக்கு எடுக்கிறதிலயும் நிப்பாட்டுறதிலயும் எனக்குப் பங்கு இருக்கு. அந்த மேசையில நான் வேலை குடுக்கிற பக்கம். நல்ல அக்கா, இடதுசாரி அக்கா எண்டதெல்லாம் அதை மாத்தாது. நான் நாளைக்குப் போயிடலாம், அடுத்து வாற ஆள் வேற மாதிரி இருக்கலாம். அதால வேலை செய்யிறவைக்கு என்ர குணத்தை நம்பியிராத பலம் ஒண்டு வேணும்.

எங்களிட்ட இரண்டு விசயம் எழுத்தில இருக்கு. சம்பளப் படிகள் எல்லாருக்கும் தெரியும், பணிப்பாளரின்ரதும் சேர்த்து. ஊழியர்கள் சங்கம் அமைக்க விரும்பினால் அமைப்பு எதிர்க்காது, அதுக்கெதிராச் சட்டத்தரணிக்குக் காசு செலவழிக்காது எண்டும் சபை தீர்மானம் எடுத்திருக்கு. அப்பிடியொரு நாள் வந்தால் "எங்களை நம்பேல்லையா?" எண்டு கேட்கிற உரிமை எனக்கு இல்லை. எனக்கு எதிராகவும் கதைக்க ஏலுமெண்டால்தான் அது ஆதரவான வேலைத்தலம்.

திங்கட்கிழமை வேலைக்கோ அடுத்த கூட்டத்துக்கோ போகேக்க இந்தக் கேள்வியளைக் கொண்டு போங்கோ. அடுத்த மூண்டு மாதச் சம்பளம் எங்க இருக்கு? இந்தத் திட்டத்தை ஒருங்கிணைக்கிற மணித்தியாலம் பாதீட்டில எந்த வரியில? கடைசியா ஆர் லீவு எடுத்தது? பொறுப்பாளரைப் பற்றி முறையிட வேணுமெண்டால் ஆரிட்டப் போறது, அவரின்ர பேர் எங்க எழுதியிருக்கு? விடை கிடைக்காட்டி கத்தவேண்டாம். பக்கத்தில வேலை செய்யிற ஆளிட்டயும் அதே கேள்வியைக் கேளுங்கோ. இரண்டு பேர் கேட்டால் அது கூட்டக் குறிப்பில ஏறும். குறிப்பில ஏறினதைத் தட்டிக் கழிக்கிறது கஷ்டம்.

இனி நீங்கள் கதையுங்கோ. சம்பளம் பற்றிக் கேட்க வெட்கப்படாதேங்கோ.